1990 மாடல் மவுண்டன் பைக்: பிரித்துப் பூட்டியதில் தெரிந்தவை

பழைய மவுண்டன் பைக் ஒன்று கைக்கு வந்தால் பெயின்டையும் ஸ்டிக்கரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கிராங்கின், அதாவது பெடல் மாட்டும் கையின், முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஷிமானோ என்ற ஜப்பான் கம்பெனியின் கிராங்காக இருந்தால், பெடல் மாட்டும் ஓட்டைக்குப் பக்கத்தில், உள்புறத்தில், இரண்டு ஆங்கில எழுத்துகள் பொடியாக அச்சடிக்கப்பட்டிருக்கும். முதல் எழுத்து வருஷம், அடுத்தது மாசம். 1976-க்கு ‘ஏ’, 1977-க்கு ‘பி’ என்று வரிசையாகப் போகும். மாசத்துக்கும் அதே கணக்குதான், ஜனவரிக்கு ‘ஏ’. எனக்கு வந்த வண்டியில் கரியும் கிரீஸும் கெட்டிதட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க ‘ஓ’ தெரிந்தது, அப்புறம் ‘ஹெச்’. விரல்விட்டு எண்ணினால் 1990 ஆகஸ்ட்.

வண்டி உவரியில் சித்தப்பா வீட்டுப் பின்வாசலில் சாத்திக் கிடந்தது. அவர் கப்பலில் வேலை பார்த்தவர். சிங்கப்பூரில் வாங்கி, கொஞ்ச காலம் ஓட்டி, கப்பலில் மிஞ்சிய பச்சை பெயின்டையே அதற்கும் அடித்து, பிறகு மறந்துவிட்டார். “எடுத்துட்டுப் போயிரு மக்கா, பழைய இரும்புக்காரன் வாரப்பல்லாம் அதத்தான் பாக்கான்” என்றார். பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் நண்பர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: இது பழைய சைக்கிளா, ரெட்ரோ சைக்கிளா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? முப்பது வருஷம் ஆனால் எல்லாமே ரெட்ரோதானே?

இல்லை என்பது என் கட்சி. வருஷக் கணக்கு மட்டும் போதுமென்றால் 2008-இல் வந்த டிஸ்க் பிரேக் வண்டியும் இன்னும் கொஞ்ச நாளில் வரிசையில் வந்து நின்றுவிடும். மலைச்சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் முடிவாகத் தெரியாத ஒரு காலம் இருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் நாலு விதமான யோசனை சந்தையில் மோதிக்கொண்டிருந்த அந்தக் காலத்து வண்டியைத்தான் நான் ரெட்ரோ என்பேன். அதற்கான சாட்சி பில்லில் இருக்காது, நட்டு போல்ட்டில் இருக்கும்.

கலிபோர்னியாவில் மரின் கவுன்டி மலைப்பக்கம் சில இளைஞர்கள் 1930, 40-களின் தடி டயர் ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மண் பாதையில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். 1976-இல் அதைப் பந்தயமாகவே நடத்தினார்கள். பெயர் ரீபேக். பின் சக்கர ஹப்புக்குள்ளேயே பிரேக் இருந்த வண்டிகள் அவை. கீழே வந்து சேர்வதற்குள் ஹப் கொதித்து கிரீஸ் எல்லாம் புகையாகப் போய்விடும். மறுபடி பிரித்து கிரீஸ் திணித்தால்தான் அடுத்த ஓட்டம். பந்தயத்தின் பெயரே அந்த வேலையைச் சொல்வதுதான். 1977-இல் ஜோ பிரீஸ் இந்த ஓட்டத்துக்கென்றே புதிதாக ஒரு சைக்கிள் சட்டம் (ஃபிரேம்) செய்தார். டாம் ரிட்சியும் சட்டங்கள் செய்தார், கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் அவற்றை விற்றார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி ஸ்டம்ப்ஜம்பரை ஜப்பானில் மொத்தமாகச் செய்வித்துக் கடைக்குக் கொண்டுவந்தது. மறு வருஷமே ஷிமானோ டியோர் எக்ஸ்.டி. என்று மலைக்கென்றே கியர், பிரேக் பாகங்களின் ஒரு செட்டை இறக்கியது.

அங்கிருந்து 1996 வரைதான் அந்தக் குழப்பமான, சுவாரசியமான காலம். பின் பிரேக்கைச் செயினுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள், சேறு அடைத்துக்கொண்டது, திரும்ப மேலே ஏற்றினார்கள். பின் கம்பிகளைச் செயினுக்கு மேலே தூக்கிப் பார்த்தார்கள். 1990 வாக்கில் ராக்‌ஷாக்ஸ் என்ற கம்பெனி முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் வைத்தது. 1996-இல் நீளக் கைகள் உள்ள ஷிமானோவின் வி-பிரேக் வந்தது, அதே வருஷம் அட்லான்டா ஒலிம்பிக்கில் மலைச்சைக்கிளும் சேர்ந்தது. அதற்குப் பிறகு வண்டிகளின் முகம் ஒன்றுபோல் ஆகத் தொடங்கியது. ஆர்வலர்களில் பலர் 1997-ஐ எல்லையாக வைப்பதன் நியாயம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. சித்தப்பா வண்டியின் கிராங்க் அச்சான மறு மாசம், 1990 செப்டம்பரில், கொலராடோவில் டுராங்கோ என்ற ஊரில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. சரியான நேரத்து வண்டிதான்.

கதை போதும், வேலைக்கு வருவோம்.

முதல் வில்லங்கம் சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் தண்டு. சட்டம் இரும்பு, போஸ்ட் அலுமினியம், ஊர் உவரி. இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்பு ஈரம் போனால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். அரித்து வரும் வெள்ளைப் பொடி, அரிபட்ட அலுமினியத்தைவிட அதிக இடம் கேட்கும். குழாய்க்குள் ஏது இடம்? இறுகிப் பிடித்துக்கொள்ளும். லேத் பட்டறையில் காட்டியபோது, “கேஸ் வச்சுச் சூடு காட்டுனா கழண்டு வந்துரும்” என்றார்கள். இரும்புக்குள் இரும்பு என்றால் சரிதான். இங்கே உள்ளே இருப்பது அலுமினியம். ஒரே சூட்டுக்கு இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடு காட்டினால் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். இதற்குக் குளிர்தான் மருந்து.

கிராங்க், அது சுற்றும் அச்சு எல்லாம் கழற்றிய பிறகு சட்டத்தைத் தலைகீழாகப் போட்டு, அச்சு இருந்த குழாய் வழியாகத் துரு இளக்கும் ஆயிலைச் சீட் குழாய்க்குள் ஊற்றினேன். அப்படி ஊற்றினால்தான் போஸ்ட்டின் அடிப்பக்கத்தில் போய் நிற்கும். மேலேயிருந்து விடுவது பாதிக்கு மேல் வெளியே வழிந்துவிடும். சில ராத்திரி ஊறவிட்டு, மீன்காரரிடம் பெட்டியில் மிஞ்சிய ஐஸை வாங்கி வந்தோம். சீட்டைக் கழற்றி, போஸ்ட்டுக்குள் துணி அடைத்து, மேலே ஐஸும் கல் உப்பும் திணித்து, வெளியே சாக்கு சுற்றி வைத்தோம். அப்புறம் போஸ்ட்டின் தலையைப் பட்டறை வைஸில் கடிக்கவைத்துவிட்டு, சட்டத்தையே பிடியாக வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகினோம். நெம்புகோல் நீளம் முழுச் சட்டமும் என்பதால் கை பலம் அப்படியே இறங்கும். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. திடீரென்று ‘டக்’. கம்பி அறுந்ததோ என்று நினைக்கும்படியான சத்தம். அதன்பின் கிறீச் கிறீச்சென்று அரை அரை அங்குலமாக வந்தது. வெளியே வந்த போஸ்ட்டின் அடிப்பாகம் முழுக்க அம்மைத் தழும்பு. அதன் மேலே 26.8 என்ற அச்சு மட்டும் பளிச்சென்று இருந்தது.

போஸ்ட்டின் விட்டத்தைச் சொல்லும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்வது முக்கியம். கடையில் எளிதாகக் கிடைப்பது 25.4 மில்லிமீட்டர் போஸ்ட். உள்ளே இறங்கும், நிற்காது. தகரம் சுற்றி அடித்து நிறுத்துவார்கள், வேண்டாம். பழைய போஸ்ட்டையே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குழாய் உள்ளும் ஒரு கம்பில் எமரி சுற்றித் துப்புரவாக்கி, நிறைய கிரீஸ் தடவி இறக்கியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டால் மறுபடி இந்தப் பாடு இல்லை.

சீட் குழாயில் பச்சை பெயின்டைச் சுரண்டிப் பார்த்த இடத்தில் ‘டாங்கே’ என்ற ஜப்பான் குழாய்க் கம்பெனியின் ஸ்டிக்கர் பாதி தெரிந்தது. கிரோமோலி இரும்பு. சட்டம் எதற்கு இவ்வளவு லேசாக இருக்கிறது என்பதற்கு அதுதான் பதில்.

அச்சைக் கழற்றுவதில் பெரிய கதை இல்லை. வலப்பக்கக் கப் இடம்சுழி மரை, அதாவது கடிகார முள் போகும் திசையில் சுற்றினால் கழலும். இதை மறந்து முரட்டுப் பலம் காட்டுகிறவர்கள்தான் மரையைத் தின்றுவிடுகிறார்கள். அந்த மரையின் அளவுக்கு உலகம் முழுக்கச் சொல்லும் பெயர் பி.எஸ்.ஏ. பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த அதே கம்பெனி. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் புண்ணியத்தில் நம் வீட்டு வாசல்களில் நின்ற அதே பெயர். ஜப்பான் குழாய் போட்ட அமெரிக்க யோசனைக்குள் இப்படி ஒரு உறவுக்காரர் ஒளிந்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பால்ஸ் (பேரிங் குண்டு) விஷயத்திலும் அப்படித்தான். பின் ஹப்புக்குப் பக்கத்துக்கு ஒன்பது, அச்சுக்குப் பக்கத்துக்குப் பதினொன்று, எல்லாம் கால் இஞ்ச். முன் ஹப்புக்குப் பத்துப் பத்து, 3/16 இஞ்ச். எந்தச் சைக்கிள் கடையிலும் பொட்டலம் கட்டித் தருவார்கள். பழைய பால்ஸைப் பத்திரப்படுத்தி ‘ஒரிஜினல்’ என்று திரும்பப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தேய்வதற்கென்றே செய்த பொருள் தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். பால்ஸ், கேபிள், டயர், ட்யூப், செயின், பிரேக் கட்டை இவற்றில் புதுசு போடுவதால் வண்டியின் காலம் மாறிவிடாது. ஆனால் தேயாத இடத்தில், அதாவது அந்தக் காலத்து ஆள் யோசித்து முடிவெடுத்த இடத்தில், கை வைக்கக் கூடாது.

அப்படி முடிவெடுத்த இடங்கள் இந்த வண்டியில் நிறைய. ஹேண்டில் தண்டு, ஃபோர்க் குழாய்க்குள் ஆப்பு வைத்து இறுக்கும் ரகம். மேலே அலன் கீ போட்டு இளக்கி, போல்ட் தலையில் மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் ஆப்பு இறங்கி விடுபடும். நம்மூர் சைக்கிளில் இன்றும் இதுதான், ஆனால் மலைச்சைக்கிள்களில் தொண்ணூறுகளிலேயே இது மறையத் தொடங்கிவிட்டது. தண்டின் நீளம் 135 மில்லிமீட்டர், ஹேண்டில்பார் அகலம் 56 சென்டிமீட்டர்தான். இன்றைய வண்டிகளில் தண்டு நாலைந்து சென்டிமீட்டராகச் சுருங்கி, ஹேண்டில்பார் 76, 78 என்று விரிந்துவிட்டது. பின் சக்கரம் உட்காரும் இடைவெளியை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 130 மில்லிமீட்டர். அதற்குப் பிறகு 135 ஆகிப் பல வருஷம் நின்றது. கியர் லிவர் ஹேண்டில்பாருக்கு மேலே, கட்டைவிரலால் தள்ளும் ரகம். அதில் ஒரு சின்னத் திருப்பி இருக்கிறது. ஒரு பக்கம் வைத்தால் ‘கிளிக் கிளிக்’ என்று ஒவ்வொரு கியராக விழும். மறுபக்கம் திருப்பினால் கிளிக் இல்லாமல் ரேடியோ குமிழ்போல நகரும், கேபிள் தொய்ந்தாலும் பின்சக்கரம் மாறினாலும் சமாளித்துக்கொள்ளலாம். முப்பத்தைந்து வருஷம் கிடந்ததைத் துடைத்து ஆயில் விட்டதும் வேலை செய்கிறது. இதை ஒட்டி வந்த ரேபிட்ஃபயர் லிவர்களில் உள்ளே கிரீஸ் காய்ந்து பல் பிடிக்காமல் போவது சகஜம்.

முன் பல்சக்கரம் வட்டமாக இல்லை. கோணல் விழுந்துவிட்டது என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். அது ஷிமானோவின் பயோபேஸ், 1983-இல் வந்த யோசனை. கால் அழுத்தும்போது பாரம் குறையவும், பெடல் மேலும் கீழும் நிற்கும் நேரத்தில் கூடவும் கணக்குப் போட்டு நீள்வட்டமாக வெட்டியது. இன்றைக்கு விற்கும் நீள்வட்டச் சக்கரங்கள் நேர் எதிர்த்திசையில் வைத்தவை. முட்டிக்கு ஆகாது என்று அன்றைக்குப் பலர் கழற்றி எறிந்தார்கள். எனக்கு மெதுவாக மிதிக்கும்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, வேகமாக மிதித்தால் கால் லேசாகத் துள்ளுகிறது. தோற்றுப்போன யோசனைதான். அதனாலேயே அது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிரேக்கில்தான் அண்ணாச்சியோடு வாக்குவாதம் வந்தது. முருகன்குறிச்சிப் பக்கம் அவருக்குச் சைக்கிள் கடை. ரிம்மில் கோட்டம் எடுக்க அவர் கைதான் வேண்டும் என்று சக்கரங்களைக் கொண்டுபோயிருந்தேன். வண்டியில் இருந்தது கான்டிலீவர் பிரேக். இரண்டு கைகள், அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குக் கம்பி, அந்தக் கம்பியின் நடுவைத் தூக்கும் மெயின் கேபிள்.

“தம்பி, இந்தத் தூளிக் கம்பியெல்லாம் எதுக்கு? வி-பிரேக் செட்டு ஒண்ணு மாட்டிருவோம். சுண்டுனா நின்னுரும்லா.”

“நிக்கும் அண்ணாச்சி. ஆனா லிவரையும் சேத்து மாத்தணும்.”

“லிவரு நல்லாத்தான இருக்கு?”

லிவர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கான்டிலீவர் லிவர் இழுக்கும் கேபிள் நீளம் கம்மி. வி-பிரேக்கின் கை நீளம், அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுவை வேண்டும். பழைய லிவரோடு மாட்டினால் கட்டை ரிம்மைத் தொடும்போது லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். கடையில் நின்ற ஒரு வண்டியின் வி-பிரேக் கேபிளையும் என் வண்டிக் கேபிளையும் பக்கத்தில் வைத்து, லிவரைப் பிடித்து எவ்வளவு நகர்கிறது என்று அவரே அளந்து பார்த்தார். “அப்பச் சரி, பழசையே உருப்படி பண்ணுவோம்” என்று உட்கார்ந்துவிட்டார்.

கட்டைதான் கஷ்டம். இப்போது கடைகளில் கிடைப்பது மரை போட்ட தண்டு உள்ள கட்டை. இதற்கு வேண்டியது மரையில்லாத வழவழத் தண்டு, ஒரு கண் போல்ட்டுக்குள் நுழைந்து நிற்பது. ஆன்லைனில் வரவழைத்தேன். பூட்டும்போது கட்டையின் பின்நுனிக்கும் ரிம்முக்கும் இடையில் மடித்த பஸ் டிக்கெட் ஒன்றைச் செருகி முடுக்கினால், முன்நுனி முதலில் தொடும்படி நிற்கும், அலறல் இருக்காது. குறுக்குக் கம்பியின் உயரம் அதைவிட முக்கியம். கீழே இறக்கினால் பிடி கூடும், ஆனால் கட்டை ரிம்முக்கு மிக அருகில் நின்றால்தான் வேலை செய்யும். மேலே ஏற்றினால் லிவர் கல்லுபோல இருக்கும், வண்டி நிற்காது. மெயின் கேபிளில் குறுக்குக் கம்பியைத் தூக்கும் கொக்கியை ஒரு விரல்கடை கீழே இறக்கியதும் அண்ணாச்சி ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ சொன்னார்.

டயர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘26 டயர்’ என்று மட்டும் கேட்காதீர்கள். கடைப் பையன் முதலில் எடுத்து வந்தது 26 x 1 3/8. அதன் ரிம் விட்டம் 590 மில்லிமீட்டர். மலைச்சைக்கிளுக்கு வேண்டியது 26 x 1.95 மாதிரி புள்ளி வைத்த எண், அது 559. 26 x 1 1/2 என்று பின்னத்தில் எழுதியிருந்தால் அது 584, இன்னொரு சாதி. ஒன்று மற்றொன்றில் உட்காரவே உட்காராது. அந்த 559 எங்கிருந்து வந்தது? மரின் மலையில் முதலில் உருட்டிய தடி டயர் ஷ்வின்களின் அளவு அது. கையில் அகப்பட்டதை வைத்து விளையாடிய பையன்களின் சக்கர அளவே முப்பது வருஷம் உலகத்துக்கே அளவாக இருந்தது. இப்போது புது வண்டிகளில் 29-உம் 27.5-உம்தான். நல்லவேளை, ரேஞ்சர் வகை வண்டிகளால் நம்மூரில் 559 டயர் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது.

ரேஞ்சர் என்றதும் அடுத்த சண்டை. தொண்ணூறுகளில் ஹீரோ ரேஞ்சரும் ஹெர்குலிஸ் எம்.டி.பி.யும் வைத்திருந்த பையன் தெருவில் எப்படி நடப்பான் என்று எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அவை ரெட்ரோ இல்லையா? சைக்கிள் என்ற முறையில் நூற்றுக்கு நூறு. அந்தத் தடி டயரும் நேர் ஹேண்டிலும் எங்கள் பள்ளிக்கூட வாசலின் அடையாளம். மலைச்சைக்கிள் என்ற முறையில், அந்தக் காலத்தில் பெரும்பாலானவற்றில் கியர் கிடையாது, சட்டம் கனத்த சாதா இரும்பு. மேட்டில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். உடை மலைச்சைக்கிளுடையது, உடம்பு ரோட்டு வண்டியுடையது. அண்ணாச்சி இதை ஒப்புக்கொள்ளவில்லை. “மலையில ஓட்டுனாத்தான் மலைச்சைக்கிளா? அப்பம் ஒம்ம வண்டி இத்தன வருசம் உவரியில என்ன மலையில ஓடிச்சு?” என்றார். கடல் மட்டத்தில் கிடந்த வண்டிக்கு வக்காலத்து வாங்க எனக்கு வாய் வரவில்லை.

பச்சை பெயின்டை உரிப்பதா வேண்டாமா என்றும் யோசித்தேன். அடியில் இருப்பது கறுப்பும் ஊதாவும். உரித்தால் கடையில் இருந்த நாளின் வண்டி கிடைக்கும். ஆனால் கப்பல் பெயின்ட் கெட்டியானது, துரு ஏறாமல் சட்டத்தைக் காப்பாற்றியதே அதுதான். ஸ்டிக்கர் தெரியும் இடத்தை மட்டும் ஜன்னல்போல விட்டுவிட்டு மற்றதைத் தொடவில்லை.

ஓட்டிப் பார்க்க மாஞ்சோலை ரோடுதான் ஆசை. அது புலிகள் காப்பகத்துக்குள் போகும் வழி, வனத்துறை கேட்டைத் தாண்ட அனுமதி வேண்டும். அதனால் சேரன்மகாதேவியிலிருந்து கன்னடியன் கால்வாய்க் கரையோடு கல்லிடைக்குறிச்சிப் பக்கம் போய், மணிமுத்தாறு அணை மேட்டில் ஏற்றினேன். ஏற்றத்தில் இந்த வண்டியின் அருமை தெரிந்தது. நீளத் தண்டு உடம்பை முன்னுக்கு இழுத்துவைத்திருப்பதால் முன்சக்கரம் தூக்கவே இல்லை. சின்ன கியரில் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். இறக்கத்தில் அதே தண்டு வில்லன். உடம்பு முன்சக்கரத்துக்கு மேலேயே தொங்குகிறது, ஃபோர்க் நிமிர்ந்து நிற்பதால் ஹேண்டிலை லேசாக அசைத்தாலே வண்டி திரும்பிவிடுகிறது. சரளைக் கல்லில் சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க் உள்ளங்கையை மரக்கவைத்தது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்ததும் பாதி அதிர்ச்சி அடங்கியது. கால்வாய்க் கரையில் சீமைக்கருவேல முள்ளுக்கு மட்டும் எந்த வருஷத்து வண்டி என்ற பேதம் இல்லை, பஞ்சர் ஒட்டும் சாமான் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

திரும்பி வந்து பார்த்தால் முன் ஹப் கரகரக்கிறது. பிரித்தேன், பால்ஸ் உருளும் ஒரு கோனில் குழி விழுந்திருக்கிறது. நம்மூர் முன் ஆக்சில் இதைவிட மெலிது, மரையும் வேறு, அதனால் கடையில் கிடைக்கும் கோன் ஏறாது. அளவு ஒத்த ஷிமானோ கோன் எந்த வருஷத்ததாக இருந்தாலும் வாங்கிப் போட்டுவிடுவேன், அது தேயும் பொருள்தான். அதுவரை புது பால்ஸும் கூடுதல் கிரீஸுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் இன்னொரு தடவை பிரித்துப் பார்க்க வேண்டும்.